இரண்டு இன்ச் தூக்கினால் வண்டியில் என்னென்ன மாறும்?

போடியிலோ கம்பத்திலோ வளர்ந்தவர்களுக்கு ஜீப் புதிதில்லை. விடிவதற்கு முன்னாலேயே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப் சத்தத்தில்தான் எங்கள் தெருவே கண் விழிக்கும். இப்போது அதே தெருக்களில் மஹிந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் நிற்கின்றன. வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் தம்பிகள் வந்து கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை இன்ச் தூக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "எங்க தட்டுது?"

பெரும்பாலானவர்களுக்கு அதற்குப் பதில் தெரியாது. அதனால் வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்வேன். பூப்பாறைப் பக்கம் தோட்டப் பாதையில் நாலு முறை போய் வந்த வண்டியின் வயிற்றில் எல்லாம் எழுதியிருக்கும். பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவில், சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கும் உருண்டையின் அடியில் பளபளவென்று புதுக் கீறல் இருந்தால் அது ஒரு கதை. கியர் பெட்டிக்குக் கீழே உள்ள தகட்டில் கீறல் என்றால் அது வேறு கதை. முன் பம்பரின் மூலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் இன்னொரு கதை. இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றில்லை. லிஃப்ட் கிட் சரிசெய்வது இதில் சிலவற்றை மட்டும்தான்.

ஏன் என்று புரிய வண்டியை இரண்டு பாகமாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருப்பது ஒரு பாகம்: சேசிஸ் என்ற அடிச்சட்டம், இன்ஜின், பாடி, நீங்கள், உங்கள் மூட்டை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது இன்னொரு பாகம்: ஆக்சில், சக்கரம், பிரேக். சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கூட்டுவது. உயரமான ஸ்பிரிங் போட்டோ, ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்தோ மேல் பாகத்தைத் தூக்குகிறோம். கீழ் பாகம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜிம்னி, ஜிப்சி, பழைய மஹிந்திரா ஜீப் போல முழு ஆக்சில் உள்ள வண்டியில் அந்த உருண்டை ஆக்சிலோடு சேர்ந்தது. ஆக்சிலைத் தாங்குவது டயர். எனவே உருண்டை தட்டுகிறது என்றால் நீங்கள் ஆறு இன்ச் தூக்கினாலும் அது தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டுமே. அதிலும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், ஏனென்றால் ஆக்சில் டயரின் மையத்தில் இருக்கிறது. ஜிம்னிக்கு கம்பெனியில் இருந்து வருவது 195/80 ஆர்15. முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது அந்த அகலத்தில் பக்க உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம்மின் விட்டம் இன்ச்சில். கணக்குப் போட்டால் விட்டம் 693 மி.மீ. பலரும் மாற்றும் 215/75 ஆர்15-க்கு விட்டம் 703.5. வித்தியாசம் பத்தரை மில்லிமீட்டர், ஆக்சிலுக்கு அடியில் கூடுவது ஐந்து மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733.5 ஆகும், 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் அந்த டயர் உள்ளே உரசாமல் சுற்ற இடம் வேண்டும், அதற்குத்தான் லிஃப்ட் தேவைப்படுகிறது. ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். முன்பு காட்டியதோடு ஒப்பிட்டால் 60 என்று காட்டும்போது மூன்றரை கிலோமீட்டர் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

வயிறு தட்டும் வண்டிக்கு லிஃப்ட் நேரடியாக உதவும். முன் சக்கரம் மேட்டைத் தாண்டி, பின் சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும்போது நடுவில் சேசிஸ் உட்கார்ந்துவிடுகிறதே, அதைத்தான் வயிறு தட்டுவது என்கிறேன். முன்னும் பின்னும் சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடக் கூட இந்தத் தொல்லை கூடும். ஐந்து கதவு ஜிம்னிக்கு அந்தத் தூரம் 2590 மி.மீ., வெளிநாட்டில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு 2250 தான். பம்பர் மூலை தட்டுவதற்கும் லிஃப்ட் கொஞ்சம் உதவும், ஆனால் பம்பரையே மாற்றுவது இன்னும் நன்றாக உதவும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்குபவை பெரும்பாலும் பழைய பட்டா வண்டிகள், அதாவது தகட்டு ஸ்பிரிங் வண்டிகள்தான். எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைத்து ஏற்றுவது என்று தெரிந்த கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது, லோ கியர் இருக்கிறது, ஓடிவிடுகிறது. லிஃப்ட் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதலில் ஆறு மாதம் உள்ளபடியே ஓட்டுங்கள், கீறல்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள், அதற்கு அப்புறம் தீர்மானியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, வண்டி தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது, அந்த வழக்கு கேரளாவில் இருந்து போனதுதான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று 182ஏ பிரிவு சொல்கிறது. இது மத்தியச் சட்டம், போடிமெட்டு செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் ஒன்றுதான். எனவே வேலை தொடங்குவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டால் அந்தப் பதில் யாருக்கும் உபயோகப்படாது. சொந்தத் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியா, ரோட்டில் குடும்பத்தோடு போகும் வண்டியா என்பதையும் மனசுக்குள் வைத்து முடிவெடுங்கள்.

சரி, தூக்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பட்டா வண்டியில், அதாவது தகடு தகடாக அடுக்கிய ஸ்பிரிங் உள்ள ஜீப், ஜிப்சி போன்றவற்றில், வளைவு அதிகமுள்ள புது பட்டா செட் போடுவதுதான் ஒழுங்கான வழி. எங்கள் பக்கம் ரொம்ப நாளாக நடக்கும் இன்னொரு வழி, இருக்கிற செட்டில் ஒன்றிரண்டு தகடு கூடுதலாகச் சேர்ப்பது. அது பாரம் தாங்குவதற்காக வந்த வழக்கம். மூட்டையும் ஆளுமாகப் போகும் வண்டிக்கு அது சரி. ஆனால் இரண்டு பேர் மட்டும் போகும் வண்டியில் தகடு சேர்த்தால் ஸ்பிரிங் விறைத்துப்போகும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் தொங்கும், ஒவ்வொரு கல்லுக்கும் இடுப்பு கழன்றுவிடும். உயரமான ஸ்பிரிங் வேறு, விறைப்பான ஸ்பிரிங் வேறு. ஆரம்பத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்வது இதைத்தான். ஸ்பிரிங் வாங்கும்போது "எத்தனை இன்ச்" என்று மட்டும் கேட்காமல் "எவ்வளவு பாரத்துக்கு" என்றும் கேளுங்கள். உதாரணத்துக்கு, 100 கிலோ வைத்தால் 25 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் இரண்டு பின்னால் இருக்கிறது என்றால், அந்த ஆக்சிலின் மேல் நிரந்தரமாக 200 கிலோ ஏற்றிய அன்றே உங்கள் இரண்டு இன்ச்சில் ஒரு இன்ச் போய்விட்டது.

பட்டாவின் நுனியைச் சேசிஸோடு சேர்க்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவது மலிவான வழி. பட்டாவின் ஒரு நுனிதான் இறங்குகிறது என்பதால் இரண்டு இன்ச் நீள ஷேக்கிளுக்கு சுமார் ஒரு இன்ச் உயரம்தான் கிடைக்கும், அதோடு ஆக்சிலும் கொஞ்சம் திரும்பிவிடும். ஜிப்சியில் பட்டா ஆக்சிலுக்குக் கீழே இருக்கும், அதை மேலே மாற்றிக் கட்டி நிறைய உயர்த்துபவர்களும் உண்டு. வெல்டிங், ஸ்டீயரிங், பிரேக் என்று எல்லாவற்றையும் தொடும் வேலை அது, முதல் வேலையாக எடுக்கக் கூடாதது.

2020-க்கு முந்தைய சி.ஆர்.டி.ஈ. இன்ஜின் தாரில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கு தாங்கும் நீளக் கம்பி. அதன் போல்ட்டைத் திருகினால் முன்பக்கம் எழும்பிவிடும், காசு செலவில்லை. அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் அங்கே கூடியது எதுவும் இல்லை, சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த இடத்தைத்தான் எடுத்து நிற்கும் உயரமாக மாற்றியிருக்கிறோம். கொஞ்சம் திருகினால் பரவாயில்லை. அதிகம் திருகினால் சக்கரம் சின்னப் பள்ளத்துக்கே கடைசி வரை இறங்கி இடிக்கும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டும் சாய்வாகவே சுற்றித் தேயும்.

2020-இல் வந்த தாரில் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங். முன்பக்கம் துள்ளலை அடக்கும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக, சக்கரத்தைச் சேசிஸோடு பிடிக்கும் கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டின் தலையில் ஒரு இன்ச் கட்டை வைத்தால் சக்கரத்தில் ஒன்றரை இன்ச்சுக்கு மேலும் ஏறலாம். ஒரு பலகையின் ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு நடுவில் பிடித்துக் கீழே தள்ளினால் மறு முனை அதைவிட அதிகம் இறங்கும் அல்லவா, அதே கணக்கு. கட்டையின் தடிமனைப் பார்த்து "இவ்வளவுதானே" என்று இன்னொன்றைச் சேர்த்து வைத்துவிடாதீர்கள்.

பாடி லிஃப்ட் என்று ஒன்றும் இருக்கிறது, சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைப்பது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சேசிஸ் உயராது, வயிறு அப்படியே தட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங் மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு உயரத்தை மாற்றியதால் வேறு எந்தெந்தக் கோணமும் நீளமும் மாறியது என்று தேடிச் சரிசெய்வதுதான் மீதி வேலை முழுவதும். கிட் விற்பவர் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும் காட்டுவார். அவற்றைத் தவிர என்ன தேவைப்படும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷாக்கில் தொடங்குவோம். வேலைக்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஷாக்கின் மேல் போல்ட்டில் இருந்து கீழ் போல்ட் வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஒரு உதாரணம்: நிற்கும்போது 420 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஷாக்கை முழுதாக இழுத்தால் 510, முழுதாக அமுக்கினால் 330. அதாவது சக்கரம் கீழே இறங்க 90, மேலே ஏற 90. பழைய ஷாக்கை வைத்துக்கொண்டே 50 மி.மீ. தூக்கினால் நிற்கும் நீளம் 470 ஆகிவிடும், இறங்க மிச்சம் 40 தான். சக்கரம் ஒரு பள்ளத்தில் விழும்போது ஷாக் கடைசி வரை நீண்டு "டங்" என்று இழுபடும். சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஷாக் மாட்டும் பிராக்கெட் சேசிஸோடு கிழிந்து வரும்.

சரி, நீளமான ஷாக் போடலாம், இழுத்தால் 560, அமுக்கினால் 360 உள்ளது. இறங்குவதற்கு மறுபடியும் 90 வந்துவிட்டது. ஆனால் பழைய கணக்கில் ஆக்சில் மேலே ஏறி பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டி நிற்கும்போது ஷாக்கின் நீளம் 340 என்று இருந்திருந்தால்? புது ஷாக் 360-லேயே முடிந்துவிடுகிறது. இனி ரப்பருக்கு முன்னால் ஷாக் முட்டும், அந்த மூலையில் விழும் அடி முழுவதும் ஷாக்கின் கம்பிக்குப் போகும். எனவே 370-இல் ஆக்சில் நின்றுவிடும்படி பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே 30 மி.மீ. கட்டை சேர்க்க வேண்டும். நூறு ரூபாய் இரும்புத் துண்டை மறந்ததால் விலை உயர்ந்த ஷாக்குகள் எண்ணெய் கக்கிச் செத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கும்.

இனி மாட்டும் வேலை. பட்டா ஜீப்பின் பின்பக்கத்தை வைத்துச் சொல்கிறேன். முந்தின நாள் ராத்திரியே, ஆக்சிலையும் பட்டாவையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட் நட்டுகளுக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளுக்கும் துரு இளகும் எண்ணெய் அடித்து விட்டுவிடுங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கல். ஜாக்கி ஏற்றியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, அதன் மேல் வண்டியை இறக்கி, கையால் தள்ளிப் பார்த்த பிறகே உள்ளே போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஒரு நிமிஷ வேலையானாலும் கூடாது. எங்கள் ஊர் மழைக்காலத்து மண்ணில் ஜாக்கி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. அடியில் தடிமனான பலகை போடுங்கள், முடிந்தால் சிமென்ட் தரையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, சக்கரத்தையும் ஷாக்கையும் கழற்றி, யு போல்ட்டை எடுத்துவிட்டு ஆக்சிலை மெல்ல இறக்க வேண்டும். இறக்கும்போது கண் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸில் இருக்கட்டும். ஆக்சில் அதில் தொங்கினால் உள்ளுக்குள் கிழிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் தெரியும்.

புது பட்டா செட்டைத் தூக்கி வைக்கும்போது நடுவில் உள்ள சென்டர் போல்ட்டைக் கவனியுங்கள். தகடுகளை எல்லாம் கோத்துப் பிடிக்கும் அந்தப் போல்ட்டின் உருண்டைத் தலை, ஆக்சிலில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், இடைவெளி இருக்கக் கூடாது. குழியில் பழைய துருவும் மண்ணும் இறுகிப்போய் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுங்கள். அது முழுதாக உட்காராமல் யு போல்ட்டை இறுக்கினால் அப்போதைக்கு இறுகிய மாதிரிதான் தெரியும். ஓடும்போது தளரும். யு போல்ட் தளர்ந்தால் ஆக்சிலின் இழுவை முழுக்க அந்த ஒற்றைச் சென்டர் போல்ட்டுக்குப் போகும், அது அறுந்தால் ஆக்சில் நகர்ந்து வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். யு போல்ட் எப்போதும் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்டது மறுபடி அதே பிடி கொடுக்காது. நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள்.

ஷேக்கிள் போல்ட்டுகளையும் பட்டாவின் முன் நுனி வளையத்தில் உள்ள போல்ட்டையும் மட்டும் இப்போது இறுக்காதீர்கள். என் பழைய ஜீப்பை ஒரு பட்டறையில் கொடுத்தபோது வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார்கள். வெளியே வந்தபோது நினைத்ததைவிட அரை இன்ச் உயரமாக நின்றது, எனக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள நான்கு ரப்பர் புஷ்ஷும் பிய்ந்து பின்பக்கம் கிறீச் கிறீச் என்று கத்தியது. காரணம் எளிது. தொங்கும் நிலையில் இறுக்கியதால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. வண்டியைக் கீழே விட்டதும் எடையில் பட்டா தட்டையாகி முறுக்குகிறது, ரப்பர் நாள் முழுக்க முறுக்குப்பட்டே நிற்கிறது. கூடுதலாகத் தெரிந்த அரை இன்ச்சும் அந்த முறுக்குதான். எனவே சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு முறை அமுக்கி விட்டு, முன்னும் பின்னும் பத்தடி உருட்டி, எடை முழுக்கச் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு கொடுங்கள். காயில் ஸ்பிரிங் வண்டியின் ஆர்ம் போல்ட்டுகளுக்கும் இதே விதிதான்.

மாட்டியாகிவிட்டது. ரோட்டில் எடுப்பதற்கு முன் வண்டியை மறுபடி தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரத்துக்குத் திருப்பிக்கொண்டே ஒவ்வொரு ஹோஸையும் வயரையும் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சில் மூச்சு விடும் பிரீதர் குழாய். எதுவும் வீணைக் கம்பி மாதிரி விறைக்கக் கூடாது. விறைத்தால் நீளமானதைப் போடுங்கள் அல்லது பிராக்கெட்டை இறக்குங்கள்.

பிரேக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. சில வண்டிகளில் பின் ஆக்சிலில் இருந்து ஒரு சின்னக் கம்பி சேசிஸில் உள்ள வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், காலியாக எழும்பி நின்றால் குறைந்த அழுத்தமும் விடுவது அதன் வேலை. நீங்கள் இரண்டு இன்ச் தூக்கியதும் அது "வண்டி காலி" என்று நினைத்துக்கொள்ளும். ஐந்து பேரோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் சூடாகிக்கொண்டே போகும். அந்தக் கம்பியின் பிராக்கெட்டை லிஃப்ட்டுக்கு ஏற்ப மாற்றி வைக்க வேண்டும். மலைப்பாதையில் வாழ்கிறவர்கள் இதை மட்டும் கேட்காமல் வண்டியை டெலிவரி எடுக்காதீர்கள்.

அடுத்தது ஸ்டீயரிங். சைக்கிள் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரிலும் அந்தச் சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். ஜிம்னியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு ஆர்மும் பின்னால் சேசிஸில் மாட்டியிருக்கும். சேசிஸ் மேலே போனதும் ஆக்சில் கொஞ்சம் முன்பக்கமாக உருண்டு அந்தச் சாய்வு குறைந்துவிடும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, நேர் ரோட்டில் வண்டி அலையும், சில சமயம் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறிவிடும் அளவுக்கு நடுங்கும். இதற்கென்றே மையம் தள்ளிய ஓட்டை உள்ள காஸ்டர் புஷ் வருகிறது. இரண்டு இன்ச்சுக்கு அதையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆக்சில் இடம் வலம் நகராமல் குறுக்கே பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் காயில் வண்டிகளில் இருக்கிறது. ஒரு முனை சேசிஸில், மறு முனை ஆக்சிலில். சேசிஸ் உயர்ந்தால் ராட் சாய்வு கூடும், சேசிஸில் மாட்டிய பக்கத்தை நோக்கி ஆக்சிலை இழுக்கும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்க டயர் வெளியே துருத்துவது கண்ணுக்கே தெரியும். நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டு, இரண்டு பக்கமும் டயரில் இருந்து சேசிஸ் வரை அளந்து சமமாக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் இருந்து வரும் டிராக் லிங்க்கும் முன் பான்ஹார்ட் ராடும் பக்கத்துப் பக்கத்தில் இணையாகவே சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் தாழ்த்தினால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

கியர் பெட்டியில் இருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மறந்துவிடுவார்கள். கியர் பெட்டி மேலே போயிற்று, ஆக்சில் கீழேயே இருக்கிறது, நடுவில் உள்ள ஷாஃப்ட்டின் சாய்வு கூடுகிறது. 1200 மி.மீ. நீள ஷாஃப்ட்டுக்கு 50 மி.மீ. என்பது சுமார் 2.4 டிகிரி, அதே 50 மி.மீ. 600 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 4.8 டிகிரி. அதனால்தான் குட்டை வண்டிகளில் லிஃப்ட்டுக்கு அப்புறம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுகளின் கோணம் சமமாக இருந்தால் அதிர்வு ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும், சமமில்லை என்றால் சேர்ந்துகொண்டு ஆட்டும். பட்டா வண்டியில் ஆக்சிலுக்கும் பட்டாவுக்கும் நடுவில் ஆப்பு போன்ற சாய்வுத் தகடு வைத்து ஆக்சிலின் மூக்கைத் திருப்பிச் சரிசெய்வார்கள்.

சக்கரங்களின் நேர்பாட்டை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முன் சக்கரத்தை லேசாகத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸ் பிடித்தால் வட்டமாகக் கோடு விழும், அதன் மேல் ஆணியால் மெல்லிய கீறல். இரண்டு டயரிலும் செய்து, வண்டியை இறக்கி உருட்டிவிட்டு, டயரின் முன்பக்கத்தில் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்பக்கத்தில் அதே உயரத்தில் எவ்வளவு என்று அளந்து கழியுங்கள். மேனுவல் சொல்வதற்கு அருகில் வரும்வரை இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகினால் அலைன்மென்ட் கடை வரை டயரைத் தின்னாமல் போய்ச் சேரலாம். கடையில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கட்டாயம் செய்யுங்கள், காஸ்டர் எவ்வளவு என்ற எண்ணை அச்சடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட்டும் இருக்கிறது. தூக்குவதற்கு முன்பே சமதளத்தில் சுவரில் இருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, லோ பீம் வெளிச்சத்தின் மேல் விளிம்பான வெட்டுக்கோடு விளக்கின் மையத்தைவிட எவ்வளவு கீழே விழுகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே அளவு கீழே விழும்படி திருகுங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் கூடுதலாக ஏறியிருந்தால் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். தேவிகுளம் பக்கத்து மூடுபனியில் அது எவ்வளவு கொடுமை என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும், பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையும் சேர்த்து மறைக்கும்.

முதல் வாரம் பழைய வேகத்தில் வளைவு திரும்பாதீர்கள். வண்டியின் எடை இப்போது உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் முன்பைவிட அதிகம் சாயும். கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் மோசம், கனமானதைக் கீழே வையுங்கள். இதனால்தான் ரோட்டிலும் தோட்டத்திலும் ஓடும் வண்டிக்கு இரண்டு இன்ச்சுக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட், ஷேக்கிள், ஆர்ம், பான்ஹார்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் ஒரு சுற்று, ஐநூறில் இன்னொரு சுற்று. யு போல்ட் நட்டுகள் முதல் சுற்றில் கொஞ்சம் திரும்பும், புதுத் தகடுகள் ஒன்றோடொன்று அமர்வதால் அது இயல்பு. ஐநூறிலும் திரும்பினால் சென்டர் போல்ட்டின் தலை உட்கார்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். நான்கு சக்கரத்திலும் ரிம்மின் மையத்தில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள அளவை வேலைக்கு முன், வேலை முடிந்த அன்று, ஒரு மாதம் கழித்து என்று மூன்று முறை எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வையுங்கள். புது ஸ்பிரிங் முதல் மாதத்தில் கொஞ்சம் இறங்கும், நான்கும் ஒன்றுபோல இறங்கினால் பிரச்சினை இல்லை. ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.